மெத்தை லோடா, சிமெண்ட் லோடா?

ஒரே மாடல் டீசல் பிக்கப் வண்டிகள் இரண்டு. ஒன்றில் 30 மூட்டை சிமெண்ட், அதாவது 1,500 கிலோ. இன்னொன்றில் பஞ்சு மெத்தைகள். எல்லாம் சேர்த்து 300 கிலோ தேறினால் அதிகம். ஆனால் டிரைவர் கேபினுக்கு மேலே இன்னும் ஒரு மீட்டர் உயரத்துக்கு அடுக்கி, கயிறு போட்டு இறுக்கியிருக்கிறார்கள். இரண்டும் கோவையிலிருந்து சேலத்துக்கு நான்குவழிச் சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகின்றன. எது அதிக டீசல் குடிக்கும்?

கேட்டவர்களில் பெரும்பாலோர் சிமெண்ட் என்பார்கள். மெத்தைதான். அதுவும் கொஞ்சநஞ்ச வித்தியாசத்தில் இல்லை.

சிமெண்ட் மூட்டைகளை எடுத்துக்கொள்வோம். சமதளமான சாலையில் வண்டி அந்த 1,500 கிலோவைத் தூக்க வேண்டியதில்லை, உருட்டினால் போதும். காற்றடித்த ரப்பர் டயர் தார்ச்சாலையில் உருள, அது தாங்கும் எடையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு விசை தேவை. ஆக, 1,500 கிலோவுக்கு வெறும் 15 கிலோ அளவு இழுவை. அந்தப் பதினைந்தும்கூட எதற்கு என்றால், டயர் தரையைத் தொடும் இடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது. நசுங்கும்போது ரப்பர் வாங்கிக்கொண்டதை நிமிரும்போது முழுசாகத் திருப்பித் தருவதில்லை. மிச்சம் சூடாகப் போகிறது. தூரம் ஓடி நின்ற வண்டியின் டயரைத் தொட்டால் தெரியும். காற்றுக் குறைவான டயர் இன்னும் அதிகம் நசுங்கும், இன்னும் அதிகம் சுடும். அந்தச் சூடு முழுவதும் நாம் பெட்ரோல் பங்கில் காசு கொடுத்து வாங்கியது.

மெத்தையின் கதை வேறு. அதன் எடைக்காக டயர் கேட்பது 3 கிலோ இழுவைதான். ஆனால் கேபினுக்கு மேலே ஒரு மீட்டர் உயரம், 1.7 மீட்டர் அகலம் உள்ள ஒரு தட்டையான சுவர் எழுந்து நிற்கிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சுவரைக் காற்றுக்குள் தள்ளிக்கொண்டு போக, என் தோராயக் கணக்குப்படி, இன்னொரு 40 கிலோ இழுவை தேவை. 15 எங்கே, 43 எங்கே? டீசலாக மாற்றிப் பார்த்தால், காலி வண்டியின் செலவுக்கு மேல் 100 கிலோமீட்டருக்குச் சிமெண்ட் ஒன்றேகால் லிட்டர் கேட்கிறது; மெத்தை மூன்றரை லிட்டர் கேட்கிறது.

காற்றுக்கு எடை உண்டு என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், ஆனால் உடம்பில் பதிவதில்லை. நம் ஊர் வெயிலில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.16 கிலோ. நெடுஞ்சாலையில் போகும் பிக்கப் ஒவ்வொரு விநாடியும் தன் முகத்தின் அளவுக்கு, ஐம்பது அறுபது கன மீட்டர் காற்றை விலக்கித்தான் வழி பண்ணிக்கொள்கிறது. வேகம் கூடினால் விலக்க வேண்டிய காற்றும் கூடுகிறது, அதை விலக்கும் வேகமும் கூடுகிறது. அதனால் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. மெத்தை இல்லாத காலி பிக்கப்புக்கு 60-ல் காற்றின் தடை சுமார் 21 கிலோ, 80-ல் 38, 100-ல் 59. டயர் கேட்பது இந்த மூன்று வேகத்திலும் ஏறத்தாழ 18 கிலோதான். அதாவது 60-ல் டயரும் காற்றும் கிட்டத்தட்டச் சரிசமம். 100-ல் காற்று மூன்று மடங்குக்கு மேல். "எண்பதுக்கு மேல போனா டீசல் முள்ளு கண்ணு முன்னாடியே இறங்குது" என்று டிரைவர்கள் சொல்வது மிகையில்லை.

இதே இடத்தில் பிக்கப் வண்டிக்கே உரிய ஒரு வேடிக்கையும் உண்டு. காலியாகப் போகும்போது பின் கதவைத் திறந்து தொங்கவிட்டால் காற்று தடையில்லாமல் வெளியேறும், மைலேஜ் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். அமெரிக்காவில் இந்த நம்பிக்கை பரம்பரைச் சொத்து மாதிரி. காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்தால் நேர்மாறாக இருக்கிறது. கதவு மூடியிருக்கும்போது, கேபினின் கூரையைத் தாண்டி வரும் காற்றின் ஒரு பகுதி பின்தொட்டிக்குள் இறங்கிச் சுழல ஆரம்பிக்கிறது. அந்தச் சுழல் அங்கேயே தங்கிவிடுகிறது. மேலே வரும் காற்று அதன்மீது வழுக்கிக்கொண்டு பின் கதவைத் தாண்டிப் போய்விடுகிறது. காலித் தொட்டிக்குக் காற்றாலேயே ஒரு மூடி. கதவைத் திறந்தால் சுழல் கலைந்து, கூரையைத் தாண்டிய காற்று தாறுமாறாக விழுகிறது, தடை கூடுகிறது. வித்தியாசம் பெரிதில்லை என்றாலும், திறந்து வைப்பதால் லாபம் இல்லை. தளர்வாகக் கட்டிப் படபடவென்று அடித்துக்கொள்ளும் தார்ப்பாய் இதைவிட மோசம்.

இனி எஞ்சினுக்கு வருவோம். ஒரு லிட்டர் டீசலில் அடங்கியிருக்கும் வெப்பம் சுமார் 36 மெகாஜூல். பெட்ரோலைவிட லிட்டருக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் அதிகம். நல்ல டீசல் எஞ்சின், தனக்குப் பிடித்த சுழற்சியில், நல்ல பளுவோடு ஓடும்போது அதில் 40 சதவீதத்தைச் சுழலும் விசையாக மாற்றும். மீதி ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் போய்விடும். ஆனால் அந்த நாற்பது எப்போதும் கிடைக்காது. பிஸ்டன் உரசல், எண்ணெய்ப் பம்பு, தண்ணீர்ப் பம்பு, ஆல்டர்னேட்டர் என்று எஞ்சின் தன்னைத் தானே சுற்றிக்கொள்ளவே ஒரு நிலையான கூலியை எடுத்துக்கொள்கிறது. லோடு குறைவாக இருந்தாலும் அந்தக் கூலி குறையாது. வண்டி நின்றுகொண்டு ஐடிலில் ஓடும்போது குடிக்கிற டீசல் முழுவதும் அந்தக் கூலிதான். சின்ன டீசல் எஞ்சின்கூட இப்படி ஒரு மணி நேரம் நின்றால் அரை லிட்டருக்கு மேல் காலி.

இதன் மறுபக்கம்தான் முக்கியம். லோடு ஏறினால் எஞ்சின் தன் திறமையான நிலைக்கு நெருங்கி வருகிறது. காலி வண்டியின் எடை, டிரைவரோடு, 1.8 டன் என்று வைத்துக்கொண்டால் ஒன்றரை டன் லோடு அதைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்குகிறது. ஆனால் சமதளத்தில் 60-ல் போகும்போது தேவைப்படும் மொத்த இழுவை 39 கிலோவிலிருந்து 54-க்குத்தான் ஏறுகிறது. எஞ்சினின் திறமையும் கூடுவதால் டீசல் செலவு அதைவிடவும் குறைவாகவே ஏறுகிறது. எடை இரட்டிப்பு, டீசல் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோதான் கூடுதல். சரக்குப் போக்குவரத்து என்ற தொழிலே இந்த ஏற்பாட்டின் மேல்தான் நிற்கிறது என்பேன்.

அப்படியானால் பிக்கப் வண்டிக்கு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதே பாதிக் கேள்விதான். லிட்டருக்கு 16 கொடுத்துக்கொண்டு காலியாக ஓடும் வண்டி எதையும் சுமக்கவில்லை. லிட்டருக்கு 12 கொடுத்து ஒன்றரை டன் சுமக்கும் வண்டி, ஒரு லிட்டரில் 18 டன்-கிலோமீட்டர் வேலை முடிக்கிறது. ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் காலியாகத் திரும்பும் நாளில் வண்டியின் மைலேஜ் பிரமாதமாக இருக்கும். ஓனர் முகம்தான் பிரமாதமாக இருக்காது.

கம்பெனி சொல்லும் எண் எங்கிருந்து வருகிறது? வண்டி ரோட்டிலேயே இறங்குவதில்லை. சக்கரங்கள் பெரிய உருளைகளின் மேல் நிற்கின்றன. வண்டி நின்ற இடத்திலேயே ஓடுகிறது, முன்னால் ஒரு மின்விசிறி வீசுகிறது. இங்கே காற்றின் தடையும் டயரின் தடையும் எப்படி வரும்? முன்கூட்டியே சோதனைத் தடத்தில் வண்டியை வேகமாக ஓட்டி, நியூட்ரலில் விட்டு, அது எவ்வளவு நேரத்தில் வேகம் இழக்கிறது என்று அளந்துகொள்கிறார்கள். அதே அளவு தடையை உருளைகள் கொடுக்கும்படி அமைத்துவிடுகிறார்கள். பிறகு இந்தியாவில் இலகு ரக வாகனங்களுக்கு வகுத்த ஓட்ட அட்டவணைப்படி சுமார் 20 நிமிடம் ஓட்டம். இது ஐரோப்பாவின் பழைய அட்டவணையிலிருந்து எடுத்தது. அங்கே உச்ச வேகம் 120, இங்கே 90 என்று குறைத்துக்கொண்டார்கள். பெரும்பகுதி 50-க்குள்தான். ஏசி போடுவதில்லை. முழு லோடு ஏற்றுவதில்லை. மேடு கிடையாது, எதிர்க்காற்று கிடையாது, குறுக்கே வரும் மாடு கிடையாது.

இன்னொரு விஷயம் எனக்கு எப்போதும் வியப்பு. அந்த அறையில் டீசலை யாரும் லிட்டர் கணக்கில் அளப்பதில்லை. புகையைத்தான் பிடித்து அளக்கிறார்கள். டீசலில் உள்ள கார்பன் எங்கும் மறைந்து போக முடியாது. கார்பன் டை ஆக்சைடாகவோ, கார்பன் மோனாக்சைடாகவோ, எரியாத மிச்சமாகவோ வெளியே வந்தே தீர வேண்டும். புகையில் எவ்வளவு கார்பன் இருக்கிறது என்று தெரிந்தால் எவ்வளவு டீசல் போனது என்று எழுதிவிடலாம். ஒரு லிட்டர் டீசல் சுமார் 830 கிராம். அது எரிந்து வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு மட்டும் ஏறத்தாழ 2.7 கிலோ. கூடுதல் எடை முழுவதும் வழியில் உள்ளிழுத்த காற்றின் ஆக்சிஜன்.

அமெரிக்காவில் இன்னொரு விசித்திரம். அங்கே கார், சிறிய பிக்கப் எல்லாவற்றின் கண்ணாடியிலும் அரசு நிர்ணயித்த முறையில் மைலேஜ் ஸ்டிக்கர் ஒட்டித்தான் விற்க வேண்டும். ஆனால் லோடுடன் சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 8,500 பவுண்டை, அதாவது சுமார் 3,850 கிலோவைத் தாண்டும் பிக்கப்புகளுக்கு அந்த ஸ்டிக்கர் தேவையில்லை. ஃபோர்டு எஃப்-250, ராம் 2500 போன்ற பெரிய டீசல் பிக்கப்புகள் எல்லாம் இந்த வகை. டீசல் செலவைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டிய வண்டிக்குத்தான் எண் இல்லை. ஓனர்களே டேங்க் நிரப்பி, நோட்டுப் போட்டு, கணக்குப் பார்த்துக்கொள்கிறார்கள். அதற்கும் கீழான ரகத்தில் எண் உண்டு. 2020-ல் வந்த ஷெவர்லே சில்வராடோ 1500 மூன்று லிட்டர் டீசலுக்கு, இருசக்கர இழுவை வகையில், நெடுஞ்சாலை மதிப்பீடு கேலனுக்கு 33 மைல். நம் கணக்கில் லிட்டருக்கு 14 கிலோமீட்டர். அவ்வளவு பெரிய வண்டிக்கு இது அசாத்தியம். ஆனால் பின்னால் வீடு மாதிரி ஒரு கேரவான் டிரெய்லரைக் கட்டி இழுத்தால் அந்த எண் பாதியாகக் குறைவது சாதாரணம். டிரெய்லரின் எடையைத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள். சமதளத்தில் உண்மையான குற்றவாளி அதன் உயரமான சப்பை முகம். நம் மெத்தை லோடு விவகாரமேதான்.

அமெரிக்கர்களின் சோதனை அட்டவணையும் முதலில் சாதுவாகத்தான் இருந்தது. நெடுஞ்சாலைச் சோதனையின் உச்ச வேகம் மணிக்கு 97 கிலோமீட்டர், சராசரி 78. நிஜச் சாலையோடு ஒத்துவரவில்லை என்று 1985-லிருந்து கிடைத்த எண்ணை ஒரு விகிதத்தில் வெட்டினார்கள். அதுவும் போதாமல் 2008 மாடல் வண்டிகளிலிருந்து மூன்று சோதனைகளைச் சேர்த்தார்கள். ஒன்று, 129 கிலோமீட்டர் வரை விரட்டி ஓட்டுவது. இரண்டாவது, 35 டிகிரி வெப்பத்தில் ஏசி போட்டு ஓட்டுவது. மூன்றாவது, பூஜ்யத்துக்கும் கீழே 7 டிகிரிக் குளிரில் ஓட்டுவது.

நம் இரண்டு வண்டிகளும் ஊருக்குள் வந்தால் சிமெண்ட் தன் பழியைத் தீர்த்துக்கொள்கிறது. 3.3 டன் எடையோடு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு சிக்னலில் நின்று, மறுபடி அதே வேகத்தை எட்ட ஏறக்குறைய 30 மில்லி டீசல் வேண்டும். மூன்று மூடி இருமல் மருந்து அளவு. ஒவ்வொரு சிக்னலுக்கும், ஒவ்வொரு வேகத்தடைக்கும், குறுக்கே திரும்பும் ஒவ்வொரு ஷேர் ஆட்டோவுக்கும் ஒருமுறை. நெடுஞ்சாலையில் கிடைத்த எண், கோவைக்குள் உக்கடத்திலிருந்து காந்திபுரம் போய்ச் சேர்வதற்குள் காணாமல் போகும். மெத்தைக்கோ இந்த வேகத்தில் காற்றின் தடை பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் இதற்கு மேல் ஒரு செலவும் உண்டு. புகைக்குழாயில் கரித்தூளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது நிறைந்ததும் அந்தக் கரியை எரித்தாக வேண்டும். அதற்கு 600 டிகிரி அளவு சூடு தேவை. எஞ்சின் கொஞ்சம் கூடுதல் டீசலைத் தெளித்துத்தான் அந்தச் சூட்டை உண்டாக்குகிறது. நீண்ட தூரம் சீராக ஓடும் வண்டியில் பாதி வேலை தானாக முடியும். தெருவுக்குத் தெரு நின்று தண்ணீர்க் கேன் இறக்கும் வண்டியில் புகைக்குழாய் சூடாகவே ஆகாது. எரிக்க ஆரம்பித்தால் பாதியில் டிரைவர் சாவியைத் திருப்பி அணைத்துவிடுவார். அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து.

எடையின் உண்மையான சொரூபம் தெரிவது மலைப்பாதையில். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து முந்நூற்றுச் சொச்சம் மீட்டர், ஊட்டி 2,240. இடையில் குன்னூர் வழியாக சுமார் 50 கிலோமீட்டர் சாலை. ஆக வண்டியை 1,900 மீட்டர் நிஜமாகவே தூக்க வேண்டும். காலி பிக்கப்பை அவ்வளவு உயரம் ஏற்றுவதற்கான வேலை மட்டும் ஒரு லிட்டர் டீசலின் முழு வெப்பத்துக்குக் கொஞ்சம் குறைவு. மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்கு வந்து சேர்கிறது என்பதால், பெட்ரோல் பங்கில் போட வேண்டியது மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. டயருக்கும் காற்றுக்கும் இன்னொரு லிட்டர். மொத்தம் நான்கு. அதே வண்டி ஒன்றரை டன் சிமெண்டோடு ஏறினால் கிட்டத்தட்ட ஏழு.

இங்கே ஒரு கணக்கு அழகாக விழுகிறது. ஊட்டி கேரட்டும் உருளைக்கிழங்கும் மேட்டுப்பாளையம் மண்டிகளுக்கு இறங்குகின்றன. காலியாக ஏறி, கேரட்டோடு இறங்கும் வண்டிக்குப் போய்வரச் செலவு ஏறுவதற்கான நான்கு லிட்டரும், இறங்கும்போது ஆங்காங்கே மிதிப்பதற்கான கொஞ்சமும். சிமெண்டோடு ஏறிக் காலியாக இறங்கும் வண்டிக்கு ஏழும் கொஞ்சமும். அதே வண்டி, அதே டிரைவர், அதே 100 கிலோமீட்டர், அதே ஒன்றரை டன். ஒருவருக்கு லிட்டருக்கு இருபதுக்கு மேல் கிடைக்கும், இன்னொருவருக்குப் பதினாலு. இரண்டு பேரும் டீக்கடையில் சந்தித்து மைலேஜ் பேசினால் சண்டைதான் வரும்.

இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்ற பழக்கம் இன்னும் போகவில்லை. கணக்குப்படியும் அது தப்பு. இன்றைய எஞ்சினில், கியரில் வைத்துக்கொண்டே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சக்கரமே எஞ்சினைச் சுற்றுகிறது. டீசல் தெளிப்பது அடியோடு நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் குடித்துக்கொண்டே வர வேண்டும். மேலும், 3.3 டன் வண்டியைச் சரிவு சராசரியாக 125 கிலோ விசையோடு கீழே தள்ளுகிறது. டயரும் காற்றும் தாங்கிக்கொள்வது நாற்பதுக்குள்தான். மீதியை எஞ்சினும் பிரேக்கும் பங்கு போட்டுச் சுமக்க வேண்டும். எஞ்சினை விலக்கிவிட்டால் முழுவதும் பிரேக்கின் தலையில். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வருவதற்குள் இப்படி வீணாகும் சூடு, ஒரு லிட்டர் டீசலை முழுதாக எரித்தால் வரும் சூட்டைவிட அதிகம். கொண்டை ஊசி வளைவுகளில் மூக்கில் ஏறும் கருகல் வாடை அதுதான்.

டீசல் வண்டியால் அந்தச் சூட்டை மறுபடி டேங்கில் ஊற்ற முடியாது. சுவிட்சர்லாந்தில் பீல் நகருக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் ஆலையின் சுண்ணாம்புக்கல் குவாரியில், கொமாட்சு டம்பர் ஒன்றின் டீசல் எஞ்சினைக் கழற்றிவிட்டுப் பேட்டரி வைத்தார்கள். காலியாக 45 டன். மேலே போய் 65 டன் கல்லை ஏற்றிக்கொண்டு இறங்குகிறது. இறங்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறிப் பேட்டரியை நிரப்புகிறது. சரிவும் லோடும் வாகாக அமைந்த நடைகளில், ஏறச் செலவானதைவிட இறங்கும்போது அதிகமாகவே சேர்ந்துவிடும். ஊட்டிப் பாதையில் அந்த அளவு மிஞ்சாது. நம் பிக்கப்பின் சொந்த எடையோடு பார்த்தால் லோடின் பங்கு அவ்வளவு பெரிதில்லை, தூரமும் அதிகம். ஆனாலும் மின்சார பிக்கப் என்று வந்தால், சமவெளியில் மெத்தை ஏற்றுபவரைவிட மண்டிக்குக் கேரட் இறக்குபவருக்குத்தான் போட்ட காசு சீக்கிரம் கைக்கு வரும்.